டிபிலிசி அருகே

ஜார்ஜியா நாட்டுக்காரர் யாராவது இப்போது ஊரில் இருக்கிறார்களா என்று ஆதிமூலத்திடம் போனில் கேட்டேன். அவர் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் காபிக் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் எங்கே எது நடந்தாலும் நான் முதலில் அழைப்பது அவரைத்தான்.

"ஜார்ஜியாவா? அமெரிக்காவுல கீதே, அதுவா?"

"இல்லண்ணா, இது தனி நாடு. ரஷ்யாவுக்குப் பக்கத்துல."

"ரஷ்யா பக்கத்துல... இரு. எல்லம்மாக்கா வீட்ல ஒரு அம்மா தங்கியிருக்காங்க. வெள்ளை முடி. தினமும் வந்து பால் இல்லாத காபி குடிச்சிட்டுப் போவாங்க. இப்ப வர்றதில்ல. மௌனத்துல கீறாங்களாம்."

"மௌனமா?"

"உனக்கு ஏத்த ஆளுதான். அவங்களும் பேச மாட்டாங்க, நீயும் பேச மாட்டே."

அவர் சிரித்தார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

என் பெயர் பிராமி. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். படித்தது இயற்பியல். சென்னையிலிருந்து நடக்கும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு வெளிநாட்டுச் செய்திகள் எழுதுகிறேன். பாஸ்போர்ட் எடுத்து வெகுநாள் ஆகிறது. அதில் இன்னும் ஒரு முத்திரையும் விழவில்லை.

வேலை பெரும்பாலும் அறைக்குள்தான். செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியைப் படித்து, சரிபார்த்து, தமிழில் எழுதுவேன். ஆனால் திருவண்ணாமலையில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி உண்டு. பெரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால் செங்கம் ரோட்டில் ஒரு பெரு நாட்டுக்காரர் கிடைப்பார். வாடகை ஸ்கூட்டரில் காய்கறி வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் கேட்டு நாலு வரி சேர்ப்பேன். அப்படித்தான் 'அங்கிருந்து ஒருவர்' என்ற பகுதி ஆரம்பித்தது. முன்பின் தெரியாதவரை நிறுத்திப் பேசுவதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனாலும் கேட்டுவிடுவேன். எழுத்தில் கூச்சம் தெரிவதில்லை.

வீடியோவில் தெரியும். அதனால் நான் வீடியோ எடுத்ததே இல்லை.

அன்று எடுத்தாக வேண்டியிருந்தது. எங்கள் தளம் டெல்லியில் ஒருவரை நியமிக்கப்போகிறது. வெளியுறவு அமைச்சகச் செய்திகளை நேரில் இருந்து எழுத வேண்டும். நானும் விண்ணப்பித்திருந்தேன், சென்னை அலுவலகத்தில் இருக்கும் அருண்பிரசாத்தும் விண்ணப்பித்திருந்தார். வாராவாரம் அமைச்சகத்தில் நடக்கும் செய்தியாளர் சந்திப்பை நான் கல்லூரி நாளிலிருந்தே பார்த்து வருகிறேன். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, நானாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று சத்தமில்லாமல் கேட்டுப் பார்ப்பேன். அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர நான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

எங்கள் ஆசிரியர் முருகவேல் காலையிலேயே அழைத்திருந்தார்.

"ஜார்ஜியா மேட்டர் பிச்சிக்கினு போகுதும்மா. நம்ம பசங்க எத்தனை பேரு அங்க டாக்டருக்குப் படிக்கிறாங்க! எல்லா வீட்லயும் இதான் பேச்சு. உன் ஊர்ல ஒரு ஜார்ஜியாக்காரரைப் பிடி. இந்தத் தடவை எழுத்து வேணாம், வீடியோ. மேனேஜ்மென்ட் மதியம் உக்காருது. உன் பேரை நான்தான் சொல்லியிருக்கேன்."

"சரிங்க சார்."

"டெல்லியில பிரீஃபிங் சாயங்காலம் ஆறு மணியைத் தாண்டியும் போகும். நீ பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டியே, இன்னா பண்ணுவே?"

"முன்னாடியே சாப்ட்டுட்டுப் போயிடுவேன் சார்."

"அப்ப ரெடியாத்தான் இருக்கே."

எங்கள் சமண வீடுகளில் இருட்டிய பிறகு சாப்பிடும் வழக்கமில்லை. அலுவலகத்தில் என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த ஒரே விஷயம் அது.

ஜார்ஜியா செய்தியை விடிவதற்கு முன்பே நான்தான் எழுதிப் போட்டிருந்தேன். ஸுக்டிடி என்ற ஊருக்கு வெளியே ஒரு ராணுவக் கிடங்கில் வெடிப்பு. இரண்டு பேருக்குக் காயம். விபத்தா, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தாக்குதலா என்று தெரியவில்லை. ஏஜென்சி சொன்னது இவ்வளவுதான். இதை எழுதிவிட்டுத் தலைப்புக்கு வந்தேன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாசகருக்குத் தெரியாத ஊர்ப் பெயர் தலைப்பில் வரக் கூடாது. தெரிந்த பெரிய ஊர் எதுவோ அதைப் போட்டு, பக்கத்தில் 'அருகே' என்று சேர்த்துவிட வேண்டும். ஸுக்டிடி தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. டிபிலிசி தெரியும், மகனையோ மகளையோ அங்கே படிக்க அனுப்பிய வீடுகள் நிறைய.

'டிபிலிசி அருகே பயங்கர வெடிப்பு' என்று போட்டேன். யோசிக்கவில்லை. கை தானாகப் போட்டது. ஸுக்டிடி மூன்றாவது பத்தியில் இருந்தது.

எல்லம்மாள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. மாடியில் அறைகள் கட்டி வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறார். கேட்டைத் திறக்கும்போதே அவர் குரல் கேட்டது.

"யாரு? பேப்பர்ல எழுதுற பொண்ணா? நல்ல நேரத்துல வந்தே கண்ணு. உள்ள வா, உள்ள வா."

சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைப் பருத்திச் சட்டை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய அட்டையில் 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. மடியில் குழந்தைகள் எழுதும் சிலேட்டு. மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு போன் சார்ஜில் கிடந்தது. அவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஈரமாக இருந்தது. துடைக்கவில்லை.

"மானானான்னு பேரு. மானாம்மான்னுதான் கூப்புடுவேன்," என்றார் எல்லம்மாள். "வர்ற பௌர்ணமி வரைக்கும் மௌனம். போனை ஆஃப் பண்ணி என் கையில குடுத்துட்டு, எதுவும் சொல்லாதீங்கன்னு எழுதிக் காட்டிட்டுதான் ஆரம்பிச்சாங்க. நான் பீரோவுல வெச்சிட்டேன். எங்க வீட்ல எத்தினி பேரு மௌனம் இருந்திருக்காங்க, ஒரு நியூஸ் உள்ள விட்டதில்ல நான். ஒருத்தருக்கு அவங்க நாட்டுல எலெக்‌ஷன் முடிஞ்சதே மௌனம் முடிஞ்சப்புறம்தான் தெரியும்."

"இப்ப..."

"இப்ப எப்பிடி சொல்லாம இருக்கிறது? காலையில என் போனைத் தொறந்தா டிபிலிசின்னு போட்டிருக்கு. போலீசுக்கு சி-ஃபார்ம் நான்தானே போடறேன், இவங்க ஊரு டிபிலிசின்னு எனக்குத் தெரியாதா? புள்ள அங்கதான் கீறான். மனசு கேக்கல. இப்பதான் டிபிலிசி, பாம்னு கையக் காட்டிச் சொன்னேன், அஞ்சு நிமிஷம் கூட ஆவல. இவங்க போன் செத்துக் கிடக்கு, ஆன் ஆவ மாட்டேங்குது. சிம்முக்கும் ரீசார்ஜ் இல்ல. என் போன்ல வெளிநாட்டுக்குப் போவாது. அந்தப் பையன் உசுரோட கீறானா இல்லியான்னு..."

அந்த அம்மாளுக்குத் தமிழ் புரியவில்லை. டிபிலிசி என்ற சொல் மட்டும் புரிந்தது. ஒவ்வொரு முறை அது வரும்போதும் நிமிர்ந்தார்.

நான் ஆங்கிலத்தில் என் பெயரைச் சொன்னேன். செய்தியாளர் என்றேன். அவர் உடனே சிலேட்டை எடுத்து எழுதித் திருப்பிக் காட்டினார்.

எந்த இடம்?

பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லம்மாள் என் தோளைத் தொட்டார்.

"வீடியோ எடு கண்ணு. புள்ளைய காணோம்னு அழுவுறாங்க பாரு. நாலு பேரு பாத்தா எம்பசி, கவர்மென்ட்டு யாராச்சும் கேப்பாங்க. நீ அதுக்குத்தானே வந்தே?"

பிறகு அவரே கையால் சைகை செய்தார். என் போனைக் காட்டினார், அம்மாளைக் காட்டினார், வாயைக் காட்டினார். அம்மாள் புரிந்துகொண்டு தலையாட்டினார். சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்.

பேசுகிறேன். என் மகன் அங்கே இருக்கிறான். நான் பேசினால் யாராவது தேடுவார்களா?

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது என் போன் அதிர்ந்தது. முருகவேல் சார். 'கிடைச்சாங்களா? போனைப் படுக்க வெச்சு எடு.'

போனைப் படுக்கவைத்துப் பிடித்தேன். திரையில் அவர் முகம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தது. பின்னால் ஜன்னலுக்கு வெளியே மலை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நல்ல படமாக அமைந்துவிட்டது. முதலில் எடுத்துவிடலாம், ஒரு நிமிடம்தான். முடிந்தவுடனே சொல்லிவிடலாம். அதில் பொய் எதுவும் இருக்காது, கண்ணீர் உண்மையானதுதான். இப்படியெல்லாம் நினைத்தேன். பொத்தானையும் அழுத்தினேன். சிவப்புப் புள்ளி ஓட ஆரம்பித்தது.

அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமினார். நெடுநாள் ஓடாத மோட்டார் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க," என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். எனக்கே தெரியாமல் சத்தமாக வந்துவிட்டது. எல்லம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் பதிவை நிறுத்தினேன். பிறகு ஆங்கிலத்தில், "பேசாதீர்கள். டிபிலிசியில் ஒன்றும் நடக்கவில்லை. ஸுக்டிடியில் நடந்தது," என்றேன்.

அவர் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

என் போனில் வரைபடத்தைத் திறந்து நீட்டினேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. பெயரைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாங்கி, டிபிலிசிமேல் கட்டைவிரலையும் ஸுக்டிடிமேல் சுண்டுவிரலையும் வைத்தார். கை முழுதும் விரிந்தது.

"இன்னா சொன்னே அவங்ககிட்ட?" என்றார் எல்லம்மாள்.

"அது டிபிலிசி இல்லக்கா. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி."

"முந்நூறா? இங்கருந்து கோயமுத்தூர் போற தூரம். அப்புறம் எதுக்கு டிபிலிசி டிபிலிசின்னு போட்டாங்க? எந்த மூதேவி எழுதுனது அதை?"

"நான்தான்கா."

எல்லம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் போனார். அங்கிருந்தே, "எத்தினி வருஷமா ஒருத்தர் மௌனத்தையும் நான் கலைச்சதில்ல," என்றார். என்னிடம் சொல்லவில்லை. பாலிடம் சொன்னார்.

என் போனிலிருந்து இணையத்தைத் திறந்துவிட்டேன். அம்மாளின் போன் ஒருவழியாக உயிர் பெற்று, இணைப்பைப் பிடித்துக்கொண்டு, விடாமல் சத்தம் போட்டது. இத்தனை நாள் சேர்ந்த செய்திகள். அவர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நின்றார். ஏதோ எழுதி அனுப்பினார். காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, அங்கே விடிந்தும் விடியாத நேரம். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு படம். தலையணையில் புதைந்த முகம், ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. கீழே ஒரே ஒரு சொல். அவர் சிலேட்டில் அதை எனக்கு ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார்.

தூங்கவிடு.

சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கியது. சிரிப்பு முடிவதற்குள் அழுதார், அதிலும் சத்தமில்லை. பிறகு போனை அணைத்து எல்லம்மாளிடம் நீட்டினார். அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பேசாததால் மௌனம் கலையவில்லை என்று அவர் முடிவு செய்ததாக எனக்குப் பட்டது.

நான் கிளம்ப எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோபமாக ஏதாவது எழுதுவார் என்று நினைத்தேன். எழுதினார்.

அங்கே?

புரியவில்லை. கீழே மறுபடி எழுதினார். ஸுக்டிடியில் யாருக்கு என்ன ஆயிற்று?

"இரண்டு பேருக்குக் காயம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்," என்றேன்.

அவர் சிலேட்டைத் துடைத்துத் துடைத்து எழுதினார், நான் படித்துக்கொண்டே வந்தேன். இளம் வயதில் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாராம். மழை அதிகமான ஊர். வீட்டுக்கு வீடு ஹேசல் கொட்டை மரங்கள். இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் பாக்கெட் நிறையக் கொட்டையோடு வகுப்புக்கு வந்து, பாடம் நடக்கும்போது கடிப்பார்கள். எங்கள் ஊரில் நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் நாங்களும் அப்படித்தான் என்று சொன்னேன். எப்படியோ அது எனக்குப் பேச வந்தது. கடைசியாக அவர் எழுதியது இது. பாதிக்கப்பட்டது என் மகன் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் நான் அந்த ஊரை மறந்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் போடலாமா என்று கேட்டேன். தலையாட்டினார்.

சந்து முனையில், ஒரு வேப்பமரத்தடியில் நின்று முருகவேல் சாரை அழைத்தேன்.

"எடுத்துட்டியா?"

"சார், தலைப்பை மாத்தணும். டிபிலிசியை எடுத்துட்டு ஸுக்டிடின்னு போடணும். மேலேயே திருத்தம்னு ஒரு வரி சேர்க்கணும்."

"ஸுக்... அது இன்னாமா பேரு, வாயில நுழைய மாட்டேங்குது. யாரு க்ளிக் பண்ணுவா? ஓடிக்கினு இருக்கிற செய்தியை எவனாச்சும் கை வைப்பானா? அருகேன்னுதானே போட்டிருக்கோம்."

"அருகே இல்ல சார். லேபுல அளவு எழுதினா எவ்ளோ முன்னப்பின்ன இருக்கும்னும் சேர்த்து எழுதணும். இல்லன்னா மார்க் கிடையாது. நான் எழுதுன அருகேல முந்நூறு கிலோமீட்டர் முன்னப்பின்ன."

பின்னணியில் போன்கள் அடிப்பது கேட்டது.

"அது யாரு சார், இத்தனை போனு?"

"பேரன்ட்ஸ்தான். காலையிலேர்ந்து ஓயல."

"அவங்களுக்கு இன்னா சொல்றீங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, மாத்தித் தொலை. உன் லாகின்ல நீயே மாத்து. வீடியோ?"

"இல்ல சார். எழுத்துதான். நல்லா இருக்கும்."

"பிராமி, மேனேஜ்மென்ட் எழுத்தைப் பார்க்காதும்மா. அருண் சூப்பரா ஒண்ணு அனுப்பியிருக்கான். உங்க கீழ்பென்னாத்தூர்லயே ஒரு அம்மா. பொண்ணு டிபிலிசியில செகண்ட் இயர் படிக்குது. போனை எடுக்கலியாம். வீடியோ கால்ல அந்தம்மா கதறுறாங்க, பார்க்க முடியல. அது போதும், டெல்லி அவனுக்குத்தான். நான் உனக்காகச் சொன்னேன், இதுக்கு மேல..."

மேலே மலையில் மேகம் எதுவும் இல்லை. இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் ஸ்கூட்டரில் என்னைக் கடந்து போனார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அமைச்சகத்தின் அந்த அறையும் வரிசையாகப் போட்ட நாற்காலிகளும் என் கண்முன்னால் வந்துவிட்டுப் போயின. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னதில் மற்றது உறைத்தது.

"சார், அந்தம்மாகிட்ட யாராச்சும் சொன்னாங்களா? டிபிலிசி இல்லன்னு?"

"அருண் சொல்லியிருப்பான்."

"சொல்லியிருந்தா அழ மாட்டாங்களே சார். நம்பர் குடுங்க."

நம்பர் வந்தது. முதலில் தலைப்பை மாற்றினேன். 'ஜார்ஜியாவின் ஸுக்டிடி நகரில் வெடிப்பு; டிபிலிசிக்குப் பாதிப்பில்லை.' நீளமான தலைப்பு. தலைப்பை அடுத்து மேலேயே திருத்தக் குறிப்பு சேர்த்து வெளியிட்டேன். அது பக்கத்தில் வந்துவிட்டதா என்று பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன். அதற்குமேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லாததால் அந்த எண்ணை அழைத்தேன். எனக்குப் போனில் பேசுவது பிடிக்காது. அதுவும் அழுகிறவரிடம்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ? அபிநயாவா? அபி?"

"இல்லங்கம்மா. அபிநயா நல்லாத்தான் இருப்பா. தூங்கிக்கினு இருப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அங்க இப்பதான் விடியுது. வெடிச்சது டிபிலிசியில இல்லங்க. வேற ஊரு, ரொம்பத் தூரம்."

"நீ யாரும்மா?"

"அந்தச் செய்தியை எழுதுனது நான்தாங்கம்மா. தலைப்பைத் தப்பா போட்டுட்டேன். இப்ப மாத்திட்டேன்."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அவர் யாரிடமோ, "அங்க இல்லியாம், வேற ஊராம்" என்று சொல்வது கேட்டது. ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது.

"எவ்ளோ தூரமாம்? அவங்க அப்பா கேக்குறாரு."

"இங்கருந்து கோயமுத்தூர் போற தூரம்."

"அவ்ளோ தூரமா? அதை மொதல்லயே போட வேண்டியதுதானே, பாவி! என் வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டிட்டியே. காலையிலேர்ந்து இந்த வீட்ல ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்கல."

"போட்டிருக்கணும்மா."

அவர் அழத் தொடங்கினார். இந்த முறை சத்தம் குறைவாக இருந்தது. நான் வைக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும். கொஞ்ச நேரத்தில் அவரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அந்த ஊரு பேரு இன்னான்னு சொன்னே?"

"ஸுக்டிடி."

"அங்க நம்ம புள்ளைங்க யாராச்சும் படிக்குதா?"

"தெரியலங்கம்மா. விசாரிச்சு எழுதறேன்."

"எழுது," என்றார். "பேரைச் சரியா போட்டு எழுது."

அறைக்கு நடந்து வந்தேன். வழியில் ஆதிமூலம் கடையிலிருந்து கை காட்டி, "ஆள் கிடைச்சுதா?" என்று கேட்டார். கிடைத்தார்கள் என்று தலையாட்டினேன். மடிக்கணினியைத் திறந்து, மழை, ஹேசல் மரங்கள், வகுப்பில் கொட்டை கடிக்கும் பிள்ளைகள் என்று மானானா சிலேட்டில் எழுதியதையெல்லாம் வரிசையாக எழுதினேன். அவர் எழுதச் சொன்ன கடைசி வரியையும் சேர்த்தேன்.

தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டேன்.